திருத்தணியிலிருந்து கப்பலேறப் போகிறீர்களா?

திருத்தணி மலைமேல் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் கடல் தெரியாது. ஆனால் நம் திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கெல்லை கடல்தான். மேற்கே முருகன் மலை, கிழக்கே பழவேற்காடு. கடலோடு பழக்கமில்லாத ஊர் என்பதால் இங்கே பயம் தலைகீழாக இருக்கிறது. அந்தமானுக்குக் கப்பலில் போகலாம் என்று பேச்செடுத்தால் “நடுக்கடல்ல மூணு நாளா?” என்று வீட்டுப் பெரியவர்கள் பதறுகிறார்கள். அதே குடும்பம் ஒரு லீவு நாளில் வேன் பிடித்துப் பழவேற்காடு போனால், லைஃப் ஜாக்கெட் இல்லாத மீன்பிடிப் படகில் கைக்குழந்தையோடு ஏறத் தயங்குவதில்லை.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டில் உல்லாசச் சவாரி போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2009 செப்டம்பர் 30-இல் தேக்கடியில் ‘ஜலகன்யகா’ கவிழ்ந்து 45 பேர் இறந்தது கடலில்கூட அல்ல, ஏரியில். 2023 மே 7-இல் கேரளத்தின் தானூரில் 22 பேரைப் பலிவாங்கியது, மீன்பிடிப் படகை மாற்றிச் சுற்றுலாவுக்கு விட்ட ஒன்று. இவை எதுவும் நடுக்கடலில் நடக்கவில்லை. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதாலும், ஏறியவர்கள் ஒரே பக்கம் சாய்ந்ததாலும், லைஃப் ஜாக்கெட் போடாததாலும் போன உயிர்கள். ஆகவே எந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்களுக்கு முதல் பதில்: கப்பலின் அளவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். யார் நடத்துகிறார்கள், எத்தனை பேரை ஏற்றுகிறார்கள், எந்த மாதம் போகிறீர்கள் என்று பாருங்கள். சொகுசைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான்.

மாதத்தை முன்னால் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்க்காரர்கள் பெரிய லீவு எடுப்பது பெரும்பாலும் டிசம்பர் கடைசியில். 31-ஆம் தேதி படித் திருவிழாவில் 365 படிக்கும் பூஜை முடித்து, அப்படியே எங்காவது போய்வரலாம் என்று நினைப்போம். வங்கக் கடலுக்கு அது நல்ல காலமல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல், காற்றழுத்தத் தாழ்வு. தனுஷ்கோடியை அழித்த 1964-ஆம் ஆண்டுப் புயலும் டிசம்பரில் வந்ததுதான். ஜனவரி பிற்பகுதி முதல் ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து கிடைக்கும் இரண்டு கப்பல்களும் இரண்டு வேறு உலகங்கள்.

அந்தமான் கப்பல் உல்லாசத்துக்காக ஓடுவதல்ல. தீவில் வேலை செய்பவர்கள், படிக்கும் பிள்ளைகள், சொந்த ஊருக்கு வந்து திரும்பும் தமிழ்க் குடும்பங்கள் ஏறுகிற கப்பல். நான்கவுரி, சுவராஜ் தீப், கேம்பல் பே போன்றவை இந்த வழியில் ஓடிய பெயர்கள். சுமார் 1,200 கி.மீ. தூரம், ஏறக்குறைய மூன்று நாள். போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம்.

இதில் பங்க், இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு, டீலக்ஸ் கேபின் என்று பிரிவுகள். பங்க் என்பது ரயில் ஸ்லீப்பர் கோச்சை ஒரு கூடத்தின் அளவுக்கு விரித்துவைத்த மாதிரி. மேலும் கீழுமாக வரிசை வரிசையாகப் படுக்கைகள், நடுவே ஒற்றை ஆள் நடக்கிற வழி. முதல் நாள் இரவு பேச்சும் சீட்டாட்டமுமாகக் கலகலப்பாக இருக்கும். கடல் கொஞ்சம் கொந்தளித்தால் இரண்டாம் நாள் காலையில் பாதிப் பேர் எழுந்திருக்கமாட்டார்கள். வாந்தி வாடை, வழுக்கும் கழிவறைத் தரை, குழாயடியில் வரிசை. இளைஞர்களுக்கு இது ஒரு அனுபவம். கூட்டாளிகள் நாலு பேராகப் போனால் வாழ்நாள் முழுக்கப் பேசலாம். அறுபது தாண்டிய பெற்றோரையும் சின்னக் குழந்தையையும் வைத்துக்கொண்டு பங்க்கில் போகாதீர்கள். காசு கொஞ்சம் சேர்த்துக் கேபின் எடுங்கள். அது முடியாதென்றால் விமானம்.

இந்தக் கப்பல் கடிகாரம் பார்த்து ஓடுவதில்லை. பயண அட்டவணை அவ்வப்போது வெளியாகும், வானிலையாலும் பழுதாலும் ஒன்றிரண்டு நாள் தள்ளிப் போவதும் உண்டு. போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று வைத்துக்கொள்வது நல்லது. அந்த விமான டிக்கெட்டையும் இறங்கும் நாளை ஒட்டிப் போடாமல் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். போர்வை, பூட்டு, ரப்பர் செருப்பு, குவளை, ஊறுகாய், பருப்புப் பொடி எல்லாம் கையோடு இருக்கட்டும். கரை மறைந்த சில மணி நேரத்தில் செல்போன் சிக்னலும் போய்விடும். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் தூக்கம் கெடும்.

சொகுசு வேண்டுமென்றால் கார்டீலியா எம்ப்ரஸ். சென்னையிலிருந்து இந்தச் சேவையை 2022 ஜூன் 4-இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். 1990-இல் கட்டி ராயல் கரீபியன் நிறுவனம் பல ஆண்டுகள் ஓட்டிய கப்பல் இது. நீச்சல் குளம், அரங்கம், பல உணவகங்கள், லிஃப்ட், மருத்துவர் என எல்லாம் உண்டு. முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்தமான் கப்பலைவிட இதுவே ஏற்றது. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் இது பெரும்பாலும் சென்னைப் பக்கம் வருகிறது. விசாகப்பட்டினம் வழி எடுத்தால், வீட்டில் தெலுங்கு புழங்கும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு இறங்கிச் சுற்ற மொழிச் சிக்கல் கிடையாது. புதுச்சேரிக்கு 2022-இல் அனுமதி கிடைக்கவில்லை, 2025 ஜூலையில்தான் வந்தது. அங்கே கப்பல் கடலில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகளைச் சிறு படகில் கரை சேர்த்தார்கள். ஆடும் படகில் கால் வைத்து இறங்குவது வயதானவர்களுக்குக் கடினம். எந்த ஊரில் கப்பல் பாலத்தோடு அணையும், எங்கே படகு மாறவேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

அறை தேர்வில் ஒரு விஷயம். மேல் தளத்து பால்கனி அறைக்குத்தான் விலை அதிகம், ஆட்டமும் அங்கேதான் அதிகம். கீழ்த் தளத்தில், கப்பலின் நீளத்துக்கு நடுவே உள்ள ஜன்னலில்லாத அறை விலை குறைவு, ஆட்டமும் குறைவு. பஸ்ஸிலேயே தலைசுற்றுகிறவர்கள் அதையே கேட்டு வாங்குங்கள். இசை அரங்கத்துக்கு நேர் மேலோ கீழோ உள்ள அறை வேண்டாம், நள்ளிரவு தாண்டியும் தரை அதிரும். விளம்பரத்தில் போடும் தொகைக்கு மேல் துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி., ஊழியர் அன்பளிப்பு எல்லாம் சேரும். மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்கும். ஆனாலும் சுற்றிலும் மதுவும் அசைவமும் சூதாட்ட மேசையும் இருக்கிற இடம் அது. ஆடிக் கிருத்திகைக்கு மாலை போட்டுக் காவடி எடுப்பவர்கள் விரத நாட்களில் இந்தப் பயணத்தை வைத்துக்கொண்டு மனம் சங்கடப்பட வேண்டாம். இந்தக் கப்பல் வரும் பருவமும் ஆடி மாதமும் ஒன்றாகவே வரும், தேதி பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு நான் அதிகம் பரிந்துரைப்பது அதைத்தான். நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல். 2023 அக்டோபர் 14-இல் ‘செரியாபாணி’ கப்பலோடு தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ ஓடுகிறது. சுமார் 110 கி.மீ., நாலு மணி நேரம், 150 பேர், ஏ.சி. இருக்கைகள். நீச்சல் குளமும் இல்லை, படுக்கையும் இல்லை. ஆனால் இறங்கினால் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் பக்கத்திலேயே, ஒரு மணி நேரத்துக்குள் நல்லூர். முருகன் மலையிலிருந்து புறப்பட்டு நல்லூரான் வாசலில் போய் நிற்பதற்குக் கடல் வழியைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தோன்றவில்லை. பாஸ்போர்ட் கட்டாயம். இலங்கை விசா விதியையும் பெட்டி எடை வரம்பையும் பதிவு செய்யும் வாரத்தில் சரிபாருங்கள். மழைக் காலத்தில் சேவை நின்றுவிடும். திருத்தணியிலிருந்து சென்னை வந்து, எழும்பூரில் இரவு ரயில் ஏறினால் விடியலில் நாகை. அன்றே கப்பலேறும் அவசரம் வேண்டாம், ரயில் தாமதமானால் டிக்கெட் வீண். ஒரு நாள் முன்பே போய்த் தங்குங்கள்.

கன்னியாகுமரியில் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகு சில நிமிடப் பயணம்தான், குழந்தைகளுக்குக் கடலைப் பழக்க நல்லது. பழவேற்காட்டுத் தனியார் படகுச் சவாரி வேண்டவே வேண்டாம். அதற்கு ஏற்கெனவே தடையும் இருக்கிறது.

எந்தக் கப்பலானாலும் ஏறியதும் செய்ய வேண்டியவை சில. 2012 ஜனவரி 13-இல் இத்தாலியக் கரையருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்றைக்கு ஏறிய பலருக்கு அவசரகாலப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகே, வெளிநாட்டுப் பயணக் கப்பல்களில் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்த வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். ஏழு குட்டை ஒலி, ஒரு நீண்ட ஒலி: இதுதான் அபாயச் சங்கு. பயிற்சியைத் தவிர்த்துவிட்டு செல்ஃபி எடுக்கப் போகாதீர்கள். உங்கள் அறையிலிருந்து கூடுமிடத்துக்கு லிஃப்ட் இல்லாமல் படிவழியே ஒரு முறை நடந்து பாருங்கள். தீ விஷயத்தில் கவனம் வேண்டும். சென்னை–சிங்கப்பூர் வழியில் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின, அத்தோடு அந்தச் சேவையே முடிந்தது. அறையில் தேய்ப்புப் பெட்டியும் கெட்டிலும் வேண்டாம்.

குழந்தைக்கு லைஃப் ஜாக்கெட் கொடுத்தால் போட்டுவிட்டு, பட்டிகளை இறுக்கி, ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரியவர் அளவு. தண்ணீரில் விழுந்தால் குழந்தை அதிலிருந்து நழுவிவிடும். சிறிய அளவு கேளுங்கள். இல்லையென்றால் ஏறாதீர்கள், கொடுத்த காசு போனாலும் போகட்டும்.

ஆக, பெற்றோருக்கு நாகை வழியும் நல்லூரும். திருமண நாள் கொண்டாட்டத்துக்கு கார்டீலியா. கல்லூரி முடித்த பிள்ளைகளுக்கு அந்தமான் பங்க். கடலில் யாருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் இந்தியக் கடலோரக் காவல் படையின் கட்டணமில்லா எண் 1554. புறப்படுமுன் போனில் பதிந்துகொள்ளுங்கள்.