எழுத்து வரமா, வழக்கமா?

“எழுத ஆசைதான், நமக்கெல்லாம் எங்கே வரும்!” தூத்துக்குடியில் இப்படிச் சொல்லும் இளைஞர்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. தமிழ் எழுத்தில் முதல் நூலை அச்சேற்றியவர் வாழ்ந்த கரை இது. அவர்களைத் தடுப்பது திறமைக் குறைவு அல்ல, சில தவறான நம்பிக்கைகள்தான்.

நம்பிக்கை 1: எழுத்து பிறவியிலேயே வர வேண்டும்.

உண்மை: அண்டிரிக் அடிகளார் எனப்படும் ஹென்றிக் ஹென்றிக்கஸ் போர்ச்சுக்கலில் பிறந்தவர். 1546இல் இந்தியா வந்தார். லத்தீன் இலக்கணம் பயிலும் முறையில் தமிழ் வேற்றுமைகளையும் வினைகளையும் வகைபிரித்துப் படித்ததை, 1548இல் இந்தக் கரையின் வேம்பாரிலிருந்து எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சானது 1578இல். இடையில் 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பு இருக்கிறது.

நம்பிக்கை 2: கடினமான சொற்கள்தான் எழுத்துக்கு மதிப்பு.

உண்மை: 1579இல் வந்த அண்டிரிக் அடிகளாரின் ‘கிரீசித்தியானி வணக்கம்’ ஆசான் கேட்க மாணவன் விடை சொல்லும் உரையாடல். அச்சுவேலைக்கு இந்தக் கரையின் பரதவ மக்களே பணம் திரட்டிக் கொடுத்தார்கள். நம் காலத்தில் உவரிக்காரரான ஜோ டி குருஸ், கடற்கரைப் பேச்சிலேயே ‘ஆழி சூழ் உலகு’ நாவலை எழுதினார். அவருடைய ‘கொற்கை’ நாவல் 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. எடுத்துக்காட்டாக, “கடல் சீற்றத்தால் மீனவர் வாழ்வாதாரம் பாதிப்பு” என்ற வரியைக் கண் தாண்டிப் போய்விடும். “தருவைகுளத்தில் இன்று ஒரு வள்ளமும் இறங்கவில்லை. சாயங்காலம் கடைக்காரர் கடனுக்கு அரிசி தர மறுத்துவிட்டார்” என்றால் படிப்பவர் நின்று, அடுத்து என்ன என்று கேட்பார்.

நம்பிக்கை 3: ஓய்வும் அமைதியும் கிடைத்தால்தான் எழுத முடியும்.

உண்மை: கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சிதம்பரனார், சிறைவாசத்தின்போதே ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூலை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். ஜோ டி குருஸ் கப்பல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே நாவல்களை எழுதியவர்.

நம்பிக்கை 4: எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும். ஒரு நாள் விட்டால் எல்லாம் வீண்.

உண்மை: 21 நாள் கணக்கு, அமெரிக்க அறுவை மருத்துவர் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960இல் எழுதிய நூலிலிருந்து பரவியது. தம் நோயாளிகள் மாறிய தோற்றத்துக்குப் பழகக் குறைந்தது அவ்வளவு நாளாகிறது என்றுதான் அவர் குறித்தார். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், சாப்பாடு, உடற்பயிற்சி போன்ற சிறு பழக்கங்கள் படிய இடைநிலை அளவாக 66 நாள் தேவைப்பட்டது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை கணக்கு மாறியது. ஒரு நாள் விடுபட்டதால் பெரிய பாதிப்பு இல்லை.

ஆகவே தினமும் செய்யும் ஒரு வேலையோடு எழுத்தைச் சேர்த்துவிடுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஐந்து வரி போதும். அன்று கண்ட ஒரு முகம், காதில் விழுந்த ஒரு பேச்சு, கொடுத்த ஒரு விலை. எழுதியதை வீட்டில் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கேட்பவரின் கவனம் நழுவும் வரியை மறுநாள் திருத்துங்கள். விட்டுப்போன நாளுக்காக வருந்தாமல் அடுத்த நாள் தொடருங்கள். இந்தக் கரையில் எழுதப்படாத வாழ்க்கை இன்னும் ஏராளம். அதை வாழ்ந்தவர்கள் நீங்கள்தான், நீங்களே எழுத வேண்டும்.