கிணற்று நீரைக் காப்போம்

நீண்ட காலத்தின் பின் உங்கள் சொந்த வளவுக்குத் திரும்பியிருக்கிறீர்கள். வீடு திருத்த முன்னரே தேவைப்படுவது தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மாரி மழையே சுண்ணாம்புக் கல்லினூடாக இறங்கி, நிலத்தடியில் உவர்நீரின் மேல் நன்னீராக நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உவர்நீர் மேலே வரும். உவராகிய கிணறு திரும்ப நன்னீராவது எளிதல்ல.

முதலில் கவனிக்க: கைவிடப்பட்ட கிணற்றில் இறங்க வேண்டாம். உள்ளே வெடிபொருளோ நச்சுவாயுவோ இருக்கலாம். கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். இறைத்துத் துப்புரவாக்கிக் குளோரின் இட்ட பின்னரும் குடிநீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

1. அளவாக இறையுங்கள்
வீட்டுத் தேவைக்கு வாளியும் கயிறும் போதும். தோட்டத்துக்கு மோட்டர் போட்டால், ஒரே தடவையில் அடிமட்டம் வரை இறைக்காமல் காலையும் மாலையும் சிறிது சிறிதாக இறையுங்கள். தண்ணீரில் உப்புச் சுவை தெரிந்தால் உடனே குறையுங்கள்.

2. ஒரு தண்ணீரை இரு தரம் பயன்படுத்துங்கள்
அரிசி, மரக்கறி கழுவிய நீரைக் கத்தரி, மிளகாய்க் கன்றுகளுக்கு ஊற்றுங்கள். குளித்த நீரை வாய்க்கால் வெட்டி வாழைக்கும் தென்னைக்கும் விடுங்கள். சவர்க்கார நீர் கிணற்றடியில் தேங்கினால் திரும்பவும் கிணற்றுக்குள்ளேயே ஊறும்.

3. ஈரத்தைக் காயவிடாதீர்கள்
வெயில் தணிந்த பின் அடியில் மட்டும் ஊற்றுங்கள். பாத்தியைச் சருகாலும் பொச்சுமட்டையாலும் மூடுங்கள்.

4. கூரை நீரைச் சேருங்கள்
40 சதுர மீற்றர் தகரக் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 400 லீற்றர் விழும். பீலி பொருத்திப் பீப்பாயில் பிடியுங்கள். கூரையைக் கழுவி வரும் முதல் நீரை வெளியே விடுங்கள். நுளம்பு பெருகாமல் பீப்பாயை வலையால் மூடுங்கள்.

5. மலசலகூடத்தைத் தள்ளி அமையுங்கள்
கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீற்றர், அதாவது ஏறத்தாழ 100 அடி, இடைவெளி விடுங்கள். அயல் வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளவுங்கள். சுண்ணாம்புக் கல்லில் அழுக்கு வேகமாகப் பரவும்.

இன்றே செய்யுங்கள்: வாளிக் கயிற்றில் இன்றைய நீர்மட்டத்துக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். கிழமைக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். மட்டம் விரைவாக இறங்கினால் அயலவருடன் கூடிப் பேசி, எல்லோரும் இறைப்பைக் குறையுங்கள். கிணறுகள் வேறானாலும் நிலத்தடி நீர் எல்லோருக்கும் ஒன்றே.