குறிப்பைப் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள்

கேள்வி: கல்லூரி ஆய்வுக்காக ஆன்லைனில் கருத்துக்கணிப்பு நடத்துகிறோம். முதல் பக்கத்திலேயே விளக்கமாகக் குறிப்பு எழுதியும் பலர் தாறுமாறாக நிரப்புகிறார்களே, ஏன்?

பதில்: அந்தப் பக்கத்தைப் பலர் படிப்பதே இல்லை. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் உளவியலாளர் ஓப்பன்ஹைமரும் அவருடைய சகாக்களும் அமெரிக்க மாணவர்களுக்கு ஒரு பொறி வைத்தார்கள். ‘எந்த விளையாட்டுகளில் ஈடுபடுகிறீர்கள்?’ என்று கேள்வி, கீழே பட்டியல். மேலிருந்த பத்தியிலோ, ‘பட்டியலை விட்டுவிட்டுத் தலைப்பைக் கிளிக் செய்யுங்கள்’ என்ற வரி. ஒரு சோதனையில் கிட்டத்தட்ட பாதிப் பேர் சாவகாசமாக விளையாட்டுகளை டிக் அடித்துவிட்டுப் போனார்கள். படித்த பிள்ளைகள்தான்! இன்னொரு சோதனையில், தவறியவர்களைச் சரியாகச் செய்யும்வரை விடாமல் திரும்பப் படிக்க வைத்ததும், அடுத்த பதில்கள் தேறின.

கண் முதலில் போவது பதில் பெட்டிக்குத்தான். வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கருத்துக்கணிப்பு ஆய்வாளர் டில்மனின் குழுவினர், மாணவர்களிடம் படிப்பில் சேர்ந்த மாதமும் ஆண்டும் கேட்டார்கள். பெட்டியருகே ‘மாதம்’, ‘ஆண்டு’ என்று மட்டும் போட்டபோது ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். மாதத்துக்கு இரண்டு இலக்கம், ஆண்டுக்கு நான்கு என்று குறியீட்டால் காட்டி, மாதப் பெட்டியைச் சிறிதாக்கியதும் பெரும்பாலோர் கேட்டபடியே எழுதினார்கள். ஆகவே குறிப்பைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

‘பொருந்துபவை எல்லாவற்றையும் டிக் செய்க’ என்ற வகைக் கேள்விகளையும் தவிருங்கள். ஒவ்வொன்றுக்கும் ‘ஆம்/இல்லை’ கேட்டால் நின்று யோசிப்பார்கள். பொறிக் கேள்விகளை அளவோடு வையுங்கள். கூடினால் எரிச்சலில் சிலர் பாதியிலேயே மூடிவிடலாம்.