இஜுமோப் பெருங்கோயிலும் பிணைப்பின் தெய்வமும்

திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பது பெரியோர் வாக்கு. அப்பயிர்க்கு வித்திடுவோர் யாவர்? மணமக்களா, அவர்தம் பெற்றோரா, அன்றி இவ்விரு திறத்தார்க்கும் மேற்பட்ட ஓர் ஆற்றலா? இவ்வினா எந்நாட்டு இளைஞர்க்கும் பொதுவாயது. ஜப்பானிய மக்கள் தம் ஷிண்டோ சமயத்தின் வாயிலாக இதற்குக் கண்ட விடையை, அந்நாட்டு இஜுமோப் பெருங்கோயிலை முன்னிறுத்தி ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அயலார் வழிபாட்டை இகழாமலும், ஆராயாது புகழாமலும் அறிய முயலுதல் கற்போர் கடன் அன்றோ?

இஜுமோ, ஜப்பானின் பெருந்தீவாகிய ஹொன்ஷுவின் மேற்குப் பகுதியில், ஷிமானே மாகாணத்தில், கடலை அடுத்து அமைந்துள்ளது. இக்கோயில் 1871-ஆம் ஆண்டுவரை கிஸுகிப் பெருங்கோயில் என்று வழங்கிற்று. தோரீ எனப்படும் நுழைவாயிலைக் கடந்து செல்வோர்க்கு முதலில் வியப்பளிப்பது, வழி மேலேறாது சரிந்து இறங்குவதாம். வலப்புறத்தே ஒரு சிறு சன்னிதி உளது. அங்கு வணங்கி மாசு நீங்கிய பின்னரே மேற்செல்வர். பின்னர்ப் பைன் மரங்கள் நிழல் செய்யும் நெடுவழி. அதன் முடிவில், 1666-ஆம் ஆண்டில் மோரிக் குடியினர் அளித்த உலோகத் தோரீ நிற்கின்றது. அப்பால் தோன்றும் மூலக்கோயில் 1744-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது, முற்றும் மரத்தாலாயது, 24 மீட்டர் உயரமுடையது. 1952-இல் இது நாட்டின் தேசியச் செல்வங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பெற்றது. கோயில் தெற்கு நோக்கியிருப்பினும், உள்ளே தெய்வத்தின் இருக்கை மேற்கு நோக்கியுள்ளது. பொதுமக்கள் மூலக்கோயிலினுள் புகுவதில்லை. புறத்தே நின்று, இருமுறை தாழ்ந்து வணங்கி, நான்குமுறை கை தட்டி, மீண்டும் ஒருமுறை வணங்குவர். ஏனைய கோயில்களிற் கை தட்டுவது பெரும்பாலும் இருமுறையே. 1890-ஆம் ஆண்டில் மத்சுவே நகரில் ஆசிரியராயிருந்த லப்காடியோ ஹெர்ன் என்பாரே மூலக்கோயிலினுள் அனுமதிக்கப்பெற்ற முதல் மேனாட்டினர்.

பண்டைக் காலத்தில் இக்கோயில் 48 மீட்டர் உயர்ந்திருந்தது என்பது மரபுரை. மூன்று பெருமரங்களை ஒருங்கு சேர்த்துப் பூட்டி ஒரு தூணாக்கினர் எனக் காட்டும் பழைய வரைபடம் ஒன்றும் கோயிற் குருக்கள் குடியினரிடம் இருந்தது. இஃது இயலுமோ என அறிஞர் பலர் ஐயுற்றனர். 2000-ஆம் ஆண்டில் கோயில் முற்றத்தை அகழ்ந்தபோது, அவ்வரைபடத்திற் கண்டவாறே மும்மூன்று மரங்கள் ஒன்றாகச் சேர்ந்த தூண்களின் அடிப்பகுதிகள் வெளிப்பட்டன. ஒவ்வொரு தூணின் குறுக்களவும் ஏறத்தாழ 3 மீட்டர். அவை 13-ஆம் நூற்றாண்டின என்று கணித்துள்ளனர். உயரத்தின் அளவு இதனால் உறுதிப்படவில்லையெனினும், முன்னோர் வரைந்தது வெறுங்கற்பனை அன்று என்பது தெளிவாயிற்று.

இனி, இங்கு வழிபடப்படும் ஓகுனிநுஷி என்னும் தெய்வத்தின் வரலாற்றைக் காண்போம். கி. பி. 712-இல் தொகுக்கப்பெற்ற கோஜிகி என்னும் நூல் அதனை விரித்துரைக்கின்றது. உடன்பிறந்தார் பலரும் இனாபா நாட்டு யாகாமி என்னும் நங்கையை மணக்க விரும்பிச் சென்றனர். ஓகுனிநுஷி அவர்தம் மூட்டையைச் சுமந்து பின்னே நடந்தான். வழியில் தோலுரிக்கப்பட்ட முயலொன்று துடித்துக் கிடந்தது. உப்பு நீரில் மூழ்கிக் காற்றில் கிடக்குமாறு அதற்குப் பொய்ம்மருந்து கூறி அகன்றனர் முன்னே சென்றோர். பின்வந்தவனோ, நன்னீரிற் கழுவிச் சம்பங்கோரைப் பூந்தாதிற் புரளச் சொல்லி அதன் நோய் தீர்த்தான். ‘மூட்டை சுமக்கும் நீயே அந்நங்கையை அடைவாய்’ என முயல் கூறியவாறே முடிந்தது.

ஈண்டு ஓர் ஐயம் எழும். இத்தெய்வம் மனைவியர் பலரை உடையது. யாகாமியே, மற்றொரு மனைவியாகிய சுசேரிக்கு அஞ்சித் தன் மகவை மரக்கிளையிடை விட்டுத் தன் நாடு மீண்டாள் என்று அந்நூலே கூறும். இத்தகையோன் மணப்பிணைப்பின் காவலனாயது எங்ஙனம்?

அதற்கு விடை வரலாற்றின் பிற்பகுதியில் உளது. ஓகுனிநுஷி தான் திருத்தி ஆண்ட நாட்டைக் கதிரவன் தேவியாகிய அமதேராசுவின் வழியினர்க்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. வாளை நட்டு அதன் முனைமேல் அமர்ந்த தூதன் இனாஸா கடற்கரையில் அதனைக் கேட்டான். ஓகுனிநுஷி இசைந்து, தனக்கு ஒரு பெருமாளிகை மட்டும் வேண்டினான். அதுவே இக்கோயில் என்பர். கி. பி. 720-இல் முடிந்த நிஹோன் ஷோகி என்னும் நூல் காட்டும் ஒரு வழக்கின்படி, கண்காணும் ஆட்சி பிறர்க்காயிற்று. கண்காணாதவற்றின் ஆட்சி அவனுக்காயிற்று. மனிதரை மனிதரோடு பிணைப்பதும் கண்காணாதவற்றுள் ஒன்றன்றோ?

இவ்வடிப்படையில், பழைய கணக்கின் பத்தாம் மாதத்தில் நாட்டின் தெய்வங்களெல்லாம் இஜுமோவிற் கூடி, யாரை யாரோடு பிணைப்பது என ஆராயும் என்னும் நம்பிக்கை வளர்ந்தது. பிற இடத்தார் அம்மாதத்தைத் தெய்வமில்லா மாதம் என்று கொள்ள, இஜுமோவினர் தெய்வமுள்ள மாதம் என்பர். அப்பழம்பெயரின் முதற்பொருள் ‘தெய்வங்களின் மாதம்’ என்பதே என மொழியறிஞர் பலர் கருதுவர். பத்தாம் நாளிரவில் அதே இனாஸா கடற்கரையில் தீ மூட்டித் தெய்வங்களை எதிர்கொள்வர். அவை தங்குதற்கெனப் பத்தொன்பது கதவுகளுடைய நீண்ட இல்லங்கள் கோயிலின் இருமருங்கும் உள்ளன. ஆராய்ச்சிக்கு இடையூறு நேராவண்ணம் ஊரார் ஆரவாரமின்றி அடங்கியிருத்தல் பண்டைய வழக்கு.

இந்நம்பிக்கை எடோ காலத்தில், அஃதாவது 1603 முதல் 1868 வரை, ஊர்தொறும் சென்ற கோயிற் பணியாளரால் நாடெங்கும் பரவிற்று. ஆயினும் கோயிலில் மணம் முடிக்கும் வழக்கம் பழமையானதன்று. முற்காலத்து மணங்கள் இல்லங்களிலேயே நிகழ்ந்தன. 1900-ஆம் ஆண்டில் பட்டத்திளவரசர் யோஷிஹித்தோவின் திருமணம் ஷிண்டோ முறையில் நிகழ்ந்த பின்னரே கோயில் மணம் மக்களிடைப் பரவலாயிற்று. இன்று இஜுமோவில் மணம் நிகழும் ககுராதென் மண்டபத்தின் முகப்பில், 13 மீட்டருக்கு மேற்பட்ட நீளமும் 5 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடைய வைக்கோற் புரி தொங்குகின்றது.

இவ்வழிபாட்டை ‘எம்முசுபி’ என்பர். ‘என்’ என்பது தொடர்பு. ‘முசுபி’ என்பது பிணைத்தல். ஐந்து யென் காசின் பெயரும் நற்றொடர்பைக் குறிக்கும் சொல்லும் ‘கோ-என்’ என ஒலித்தலின், அக்காசையே உண்டியலில் இடுவார் பலர். அத்தொடர்பு மணத்தளவில் நிற்பதன்று. நட்பு, ஆசிரியர் மாணவர் உறவு, தொழிற்கூட்டு ஆகிய அனைத்தையும் அடக்குவது.

காசிட்டு வேண்டினால் மணம் கைகூடும் என்பதனை நாம் ஏற்க வேண்டுவதின்று. எனினும், அக்கதையினின்றும் நாம் கொள்ளத்தக்கன இரண்டு உள. நங்கையை அடைந்தவன் முந்தி ஓடியவன் அல்லன். பிறர் சுமை சுமந்து, நோயுற்ற உயிர்க்கு இரங்கி நின்றவன். பிணைக்கும் உரிமை பெற்றவனும் வாளால் வென்றவன் அல்லன், விட்டுக்கொடுத்தவன். யாருடன் பிறப்பது, யாருடன் ஒரே வகுப்பில் அமர்வது என்பன நம்மால் தேர்ந்துகொள்ளப்பட்டன அல்ல. மணத்திலும் நம் தேர்வு ஒரு பகுதியே. வாய்த்த பிணைப்பைப் பேணுதலோ முழுதும் நம் கையில் உளது. பிறரைத் தம்மைப்போல் நேசிக்குமாறு நாள்தோறும் கேட்டு வளரும் நாம், இரக்கமும் விட்டுக்கொடுத்தலும் இன்றி எப்பிணைப்பும் நில்லாது என்பதனை உணர்வோமாக.