பிள்ளைக்கு எண்ணெய் பூசிப் பிடித்துவிடுதல்



இடம்பெயர்ந்த குடும்பத்தில் பிள்ளை பிறந்தால் கூரை, பாய், துணி பற்றி எல்லோரும் யோசிப்போம். பிள்ளைக்கு எண்ணெய் பூசிக் கைகாலைப் பிடித்துவிடும் பாட்டி வேறு ஊரில் தங்கிவிட்டதை யோசிப்பதில்லை. அந்தக் கைப்பழக்கம் நம்மோடு அற்றுப் போகக்கூடாது. ஆனால் அதனால் எது ஆகும், எது ஆகாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

சீனரின் முறை

சீனாவில் இக்கலைக்குத் 'துய்னா' என்று பெயர். 1601இல் வெளிவந்த 'சென்ஜியு தாச்செங்' என்னும் வைத்திய நூலிலேயே சிறுபிள்ளைகளைப் பிடித்துவிடும் முறைக்குத் தனிப் பகுதி உண்டு. விரல், உள்ளங்கை, முதுகு ஆகியவற்றில் குறித்த இடங்களைத் தேய்ப்பார்கள், அழுத்துவார்கள். சிசுவின் மூளையும் உடல் அசைவும் இதனால் வளரும் என்றும் சொல்லப்படுகிறது.

ஆராய்ச்சி சொல்வது

1986இல் அமெரிக்காவில் குறைமாதப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 3 தடவை, 15 நிமிடம் வீதம், 10 நாட்கள் தடவிவிட்டார்கள். மற்றப் பிள்ளைகளைவிட இவர்களுக்கு நாளாந்தம் 47 வீதம் அதிகமாக நிறை கூடியது. 2005இல் மும்பாயில் தேங்காய் எண்ணெய் பூசிய குறைமாதப் பிள்ளைகளும் நன்கு நிறை கூடினார்கள்.

நிறைமாதப் பிள்ளைகளின் நிலை வேறு. 2013இல் 34 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, அவற்றில் 20 நம்பத் தகுந்தவையாக இருக்கவில்லை. சுகமான பிள்ளையின் மூளையை இது விரைவாக வளர்க்கும் என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. எனினும் சுகமான நிறைமாதப் பிள்ளையை மெதுவாகத் தடவிவிடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் கூறியது. ஆகவே, மூளை வளர்க்கும் வைத்தியம் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

செய்யும் விதம்

1. காற்றுப் படாத, சூடான இடத்தில், பிள்ளை விழித்திருக்கும்போது செய்யுங்கள். பால் குடித்த உடனே வேண்டாம்.
2. கையைக் கழுவி, நகத்தை வெட்டி, சிறிது தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்குங்கள். கடுகெண்ணெய் வேண்டாம்.
3. கால், கை, நெஞ்சு, முதுகு என்று தடவுங்கள். முகம் பார்த்துப் பேசுங்கள், பாடுங்கள். அழுதால் நிறுத்துங்கள்.
4. உச்சிக்குழியை அழுத்தாதீர்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள். மார்பைப் பிதுக்காதீர்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்காதீர்கள்.
5. காய்ச்சல், தோற்புண் இருந்தால் செய்ய வேண்டாம். குறைமாதப் பிள்ளையானால் டாக்டரைக் கேட்டே தொடங்குங்கள்.

தாயின் கை கண்டுபிடிக்கும்

இதன் பெரிய பலன் இதுதான்: நாளாந்தம் தொடும் தாய்க்கே மாற்றம் முதலில் தெரியும். ஒரு பக்கத்துக் கைகால் மட்டும் அசைகிறதா? உடம்பு விறைப்பாக அல்லது துவண்டு இருக்கிறதா? 2 மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கவில்லையா? 4 மாதத்தில் தலை நிற்கவில்லையா? 9 மாதத்தில் பிடிக்காமல் உட்காரவில்லையா? அப்படியானால், பிடித்துவிட்டால் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். பலாபத்வலப் பக்கம் இருப்பவர்கள் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். ஏ-9 வீதியால் மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போகலாம். இடம் மாறும்போது கிளினிக் அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். முந்திக் கண்டால் முந்தி உதவலாம்.

கூடிப் பேசுவதற்கு

1. நம் ஊர்ப் பழக்கங்களில் எவற்றைக் காப்போம், எவற்றை விடுவோம்?
2. நம் பகுதியில் பாட்டி இல்லாத இளந்தாய்க்கு இதை யார் காட்டிக்கொடுப்பது?