ஆங்கிலத்தில் பெயரடை, வினையடை: 'ஆன', 'ஆக' காட்டும் வழி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு வேலைக்கு நேர்காணல் என்று வைத்துக்கொள்வோம். பழைய கம்பெனியில் எப்படி வேலை பார்த்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். 'கடுமையாக உழைத்தேன்' என்று சொல்ல நினைத்து "ஐ ஹார்ட்லி ஒர்க்ட்" என்றால் முடிந்தது கதை! 'வேலையே பார்க்கலை' என்கிற அளவுக்குத்தான் அதற்குப் பொருள். "ஐ ஒர்க்ட் ஹார்ட்" என்பதே சரி.

பெயர்ச்சொல்லை விளக்குவது பெயரடை, அதாவது அட்ஜெக்டிவ். வினையை விளக்குவது வினையடை, அதாவது அட்வெர்ப். இந்த வேறுபாடு நமக்குப் புதிதல்ல. 'மெதுவான பஸ்' என்கிறோம். 'பஸ் மெதுவாகப் போகுது' என்கிறோம். 'ஆன' வந்தால் ஸ்லோ, 'ஆக' வந்தால் ஸ்லோலி. பெரும்பாலான சொற்களுக்கு இந்தக் கணக்கு சரியாக வரும்.

சறுக்குகிற இடம் 'இரு' என்னும் வினை. 'ஆவடி பஸ் காலியாக இருக்கு' என்பதில் 'ஆக' இருக்கிறதே என்று 'எம்ப்டிலி' போடக்கூடாது. "த பஸ் இஸ் எம்ப்டி" என்றே வரும். அங்கே செயல் எதுவும் நடக்கவில்லை, பஸ்ஸின் நிலையைத்தான் சொல்கிறோம். லுக், ஃபீல், டேஸ்ட் போன்ற சொற்களும் நிலையைச் சொல்லும்போது இப்படித்தான். 'சாம்பார் நல்லா இருக்கு' என்றால் "த சாம்பார் டேஸ்ட்ஸ் குட்". 'அம்மா நல்லா சமைப்பாங்க' என்றால் "அம்மா குக்ஸ் வெல்".

பூந்தமல்லியில் உங்கள் தெருவைப் பற்றி மனு எழுதுகிறீர்கள். 'சாலை மோசமாக இருக்கிறது' என்பது "த ரோட் இஸ் பேட்". 'மோசமாகச் சேதமடைந்துள்ளது' என்பது "த ரோட் இஸ் பேட்லி டேமேஜ்ட்". எந்த அளவுக்குச் சேதம் என்பதை பேட்லி சொல்கிறது. வினையடை பெயரடையையும் விளக்கும். (1956 முதல் தமிழே நம் மாநில ஆட்சிமொழி. மனுவைத் தாராளமாகத் தமிழிலேயே கொடுக்கலாம்.)

'லி' என்று முடிந்தால் வினையடை என்றும் நம்பிவிடாதீர்கள். ஃப்ரெண்ட்லி பெயரடை. ஃபாஸ்ட், ஹார்ட், லேட் மூன்றும் இரண்டு வேலையும் பார்க்கும். 'ட்ரெயின் லேட்டா வந்துச்சு' என்பதற்கு "த ட்ரெயின் கேம் லேட்". லேட்லி என்றால் 'சமீபகாலமாக'. மத்திய அரசுப் பணிக்கான எஸ்எஸ்சி சிஎச்எஸ்எல் முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். தவறான விடைக்கு அரை மதிப்பெண் போகும். பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் இந்தச் சொற்களைப் பார்த்தால் ஒரு நொடி நிதானியுங்கள்.

இந்த இரண்டையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: 'வகுப்பு அமைதியாக இருந்தது', 'எல்லோரும் அமைதியாக எழுதினார்கள்'.

விடை: முதலாவதில் க்வயட், இரண்டாவதில் க்வயட்லி.