எட்டு நாள் போதாது, மருமகளே

கிழக்கேகோட்டை,
திருவனந்தபுரம்.

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். உன் பயணத் திட்டத்தை உன் அப்பா எனக்கு அனுப்பியிருந்தான். எப்படியாவது உன்னைத் தடுக்கச் சொல்லித்தான் அனுப்பினான். நான் தடுக்கப் போவதில்லை. மலைக்குப் போ. ஆனால் இந்தத் திட்டத்தை வைத்துக்கொண்டு போகாதே.

வெள்ளிக்கிழமை இரவு சென்னையில் விமானம் ஏறி, சனிக்கிழமை காலை லே. அடுத்த சனிக்கிழமை வீடு, திங்கள் வேலை. நடுவில் 6250 மீட்டர் உயரமுள்ள காங் யாட்சே 2 சிகரம். தினமும் ஓடுகிறேன், கால் தாங்கும் என்று எழுதியிருக்கிறாய். கால் தாங்கும், எனக்கும் சந்தேகமில்லை. மேலே போனால் உடம்புக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது. அதற்கு நீ நாளே ஒதுக்கவில்லை.

நாமெல்லாம் கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். லே 3500 மீட்டரில் இருக்கிறது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், இங்கே கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 5500 மீட்டருக்குப் போனால் பாதி. இந்தக் குறைச்சலுக்கு உடம்பு பழகும், ஆனால் அதற்கென்று நாள் எடுத்துக்கொள்ளும். ஓடுகிறவருக்கும் உட்கார்ந்திருப்பவருக்கும் அதில் பெரிய வித்தியாசம் கிடையாது. சொல்லப்போனால் நல்ல பலமுள்ள இளையவர்கள்தான் முதல் நாளே வேகமாக ஏறிப் படுத்துவிடுகிறார்கள்.

மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இது: 3000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தூங்கும் இடம் முந்தின இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் ஒரு நாள் தங்க வேண்டும். இதை உன் மலைக்குப் போட்டுப் பார். விமானத்தில் நேராக லே போய் இறங்குகிறவர் முதலில் இரண்டு முழு நாள் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். அங்கிருந்து ஏறத்தாழ 5100 மீட்டரில் இருக்கும் அடிவார முகாம் வரை நாலு இரவு. ஓய்வுக்கு ஒரு நாள், உச்சிக்கு ஒரு நாள், இறங்க இரண்டு நாள். பனி கொட்டினால் கூடாரத்திலேயே கிடக்க ஒன்றிரண்டு நாள் கையில் வேண்டும். பத்து நாளைத் தாண்டிவிட்டதா? உன் லீவு எட்டு நாள், அதிலும் போக வர இரண்டு நாள் போய்விடும்.

நாள் குறைவாக இருக்கும்போது ஆட்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? தலைவலியை மறைக்கிறார்கள். முதல் அடையாளமே அதுதான். பிறகு பசியின்மை, குமட்டல், தூக்கம் வராமை. அந்த நிலையில் மேலே ஏறவே கூடாது. தங்கி, சரியான பிறகு ஏறலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமல் விடாமல் வந்தாலோ நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். குதிகாலும் விரலும் தொட்டுத் தொட்டு ஒரே கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறவருக்கு மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவது. நடு இரவானாலும் இறங்க வேண்டும், துணையோடு. டயமாக்ஸ் மாத்திரை உடம்பு பழக உதவும், ஆனால் அவசரத்தை ஈடுகட்டாது. அதையும் மருத்துவரைக் கேட்டே எடு. சல்ஃபா மருந்து உனக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் முதலிலேயே சொல்லிவிடு.

அனுபவம் இருந்தால் போதும் என்றும் நினைக்காதே. இங்கே தலைமைச் செயலகத்தில் வேலை பார்க்கும் ஷேக் ஹசன் கான் 2022-ல் எவரெஸ்ட் ஏறியவர். முத்தமிழ்ச்செல்வி 2023-ல் எவரெஸ்ட் ஏறிய தமிழ்ப்பெண். இவர்கள் இருவரும் 2025 ஜூனில் அலாஸ்காவின் தெனாலி மலையில், சுமார் 17,000 அடி உயரத்தில் புயலில் மாட்டிக்கொண்டார்கள். உதவி கேட்டு அனுப்பிய செய்தி இந்த ஊர் முழுக்கப் பரவி, நாங்கள் தவித்துப் போனோம். இருவரும் பத்திரமாக இறங்கினார்கள். அதற்கு முந்தின வருடம் உத்தரகண்டில் சஹஸ்திர தால் போன கர்நாடகக் குழுவில் பனிப்புயலில் ஒன்பது பேர் இறந்தார்கள். அதில் பலர் வருடக்கணக்கில் மலை ஏறியவர்கள். உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. திரும்பி வருவதற்கும் திட்டத்தில் இடம் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் யோசனை இது. ஜனவரியில் இங்கே வா. அகத்தியர்கூடம் மலைக்கு வனத்துறை அப்போது அனுமதி கொடுக்கும், இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். உயரம் 1868 மீட்டர்தான், மூச்சுக்குச் சோதனை இல்லை. ஆனால் போணக்காட்டில் தொடங்கி அதிருமலையில் தங்கி, மறுநாள் பாறையில் கயிற்றைப் பிடித்து ஏறி இறங்கும்போது முழங்கால் என்ன சொல்கிறது, புது ஷூ எங்கே கடிக்கிறது என்றெல்லாம் தெரிந்துவிடும். நான் உன் வயதில் இருந்தபோது பெண்களுக்கு அந்த மலை கிடையாது. பெண்களும் போகலாம் என்று நீதிமன்றம் சொன்ன பிறகு 2019 ஜனவரியில்தான் தன்யா சனல் முதல் பெண்ணாக உச்சிக்குப் போனார். மலையடிவாரத்துக் காணிக்காரப் பழங்குடியினருக்கு அது தெய்வம் இருக்கும் இடம். அந்த மரியாதையோடு போய் வா. அதற்கடுத்த குளிர்காலத்தில் கேதார்காந்தா மாதிரி 3800 மீட்டர் மலை ஒன்று. உன் உடம்பு உயரத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பது அங்கே தெரியும். ஆறாயிரம் மீட்டர் அதற்குப் பிறகு. பனியில் க்ராம்பானும் ஐஸ் ஆக்ஸும் பயன்படுத்த முறையாகக் கற்க வேண்டுமென்றால் உத்தரகாசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அடிப்படைப் பயிற்சியே 28 நாள்.

உன் அப்பாவிடம் நீ கேட்க முடியாத விஷயம் ஒன்று. ஹீமோகுளோபின் பார்த்துக்கொள். நம் வீட்டுப் பெண்களுக்கு ரத்தம் குறைவு. ஆக்சிஜனைச் சுமப்பதே அதுதான், குறைவாக இருந்தால் மேலே இரட்டிப்புச் சிரமம். சரிசெய்ய மாதங்கள் ஆகும், அதனால் இப்போதே பரிசோதனை செய். உயரத்திலும் குளிரிலும் மாதவிலக்கு தேதி தவறி வரலாம். நாப்கின் கூடுதலாக எடுத்துக்கொள். பயன்படுத்தியதை இறுக்கிக் கட்டிக் கீழே கொண்டுவந்துவிடு, மலையில் புதைக்காதே.

கூட்டிப் போகும் நிறுவனத்திடம் விலையைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? ஆக்சிஜன் சிலிண்டர் முகாம் வரை வருமா? ஒருவருக்கு முடியாமல் போனால் அவரோடு இறங்க தனி ஆள் உண்டா? மூன்றாவதற்கு நேரான பதில் வராவிட்டால் பணம் கட்டாதே.

விமானச் சீட்டை இந்த வாரமே ரத்து செய். கொஞ்சம் பணம் போகும், போகட்டும், அதை நான் தருகிறேன். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு ஃபோன் பண்ணு.

அன்புடன்,
அத்தை